நான்கு மேடைகள், இரண்டு மிருதங்கங்கள்: கொழும்பில் ஒரு வார இறுதி

தம்பி, மிருதங்கம் வாசிக்கும் நீங்கள் கேட்டிருப்பதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளி மாலை கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கோயிலில் திருவிழாக் கச்சேரி. பெண் பாடகர், ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). சனி மாலை பம்பலப்பிட்டியில் பரதநாட்டிய அரங்கேற்றம். அதிலும் பெண் குரல்தான், ஆனால் ஐந்து கட்டை. ஞாயிறு நண்பகல் காலிமுகத்திடலுக்கு அருகே ஒரு ஹோட்டலில் திருமண வரவேற்பு. வயலின், புல்லாங்குழல், கீபோர்டுடன் நீங்கள். அன்று மாலையே வெள்ளவத்தையில் ஆண் பாடகர் ஒருவரின் முழுக் கச்சேரி, ஒன்றரைக் கட்டை. இதற்கிடையில் சனி காலை ஒலிப்பதிவு ஒன்றுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. கை தாங்குமா, எப்படித் திட்டமிடுவது, ஐந்தாவதையும் ஏற்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

கை தாங்கும். தினமும் சாதகம் செய்கிறவருக்கு மூன்று நாளில் நான்கு நிகழ்ச்சி பெரிய பாரம் அல்ல. ஐந்தாவதை ஏற்க வேண்டாம். அதற்கான காரணமே இந்தப் பதிலின் சாரம்: இப்படிப்பட்ட வார இறுதியில் விரல் சோர்வதற்கு முன்பே காது சோர்ந்துவிடுகிறது. விரல் சோர்ந்தால் வலி சொல்லிவிடும். காது சோர்ந்தால் எதுவும் சொல்லாது. சுருதி சேர்ந்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு வாசிப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் வயலின்காரர் மட்டும் உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சுருதியில் இவ்வளவு கண்டிப்பு தாள வாத்தியத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சர் சி. வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். சாதாரண முழவின் தோலில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒழுங்கான விகிதத்தில் இருப்பதில்லை. அதனால் அதற்குத் தெளிவான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை (நடுவில் இருக்கும் கருஞ்சாந்து வட்டம்) இடுவதால் தோலின் நடுவில் எடை கூடி, அந்த மேற்சுரங்கள் தந்தியில் எழுவது போன்ற ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. தம்பூராவோடு ஒத்து ஒலிப்பது அதனால்தான், சிறிது விலகினாலும் உடனே உறுத்துவதும் அதனால்தான். பாடகர் ஷட்ஜத்தில் நிற்கும் இடத்தில் நீங்கள் கால் கட்டை தள்ளி ‘நம்’ என்று தட்டினால் அவருடைய குரலே பிசகியது போலச் சபைக்குக் கேட்கும். அந்தப் பழி அவருக்குப் போய்ச் சேரும். பக்கவாத்தியக்காரருக்கு அதைவிடப் பெரிய குறை இல்லை.

ஆகவே திட்டத்தை நேர அட்டவணையில் தொடங்காதீர்கள், சுருதி அட்டவணையில் தொடங்குங்கள். ஐந்தரை, ஐந்து, தெரியாத ஒன்று, ஒன்றரை. இதற்கு இரண்டு மிருதங்கங்கள் கட்டாயம் வேண்டும். தட்டிச் சுருதி சேர்க்கும் கல்லையும் மரத்துண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாத்தியத்தை அரைக் கட்டை நகர்த்தலாம், மிஞ்சினால் ஒரு கட்டை. ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கத்தை ஒன்றரைக்கு இறக்கினால் அது தோல் தொங்கிய பெட்டிபோல ஒலிக்கும். 22 அங்குல வாத்தியம் வெள்ளிக்கும் சனிக்கும், 24 அங்குலத் தக்கு (தாழ்ந்த) சுருதி வாத்தியம் ஞாயிறு மாலைக்கு. இது நீங்கள் அறிந்ததுதான். ஞாயிறு நண்பகலைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்த வரவேற்பில் உங்கள் சுருதியைத் தீர்மானிக்கப் போகிறவர் புல்லாங்குழல்காரர். வயலினை முறுக்கலாம், கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடும், மூங்கிலில் போட்ட துளை போட்டதுதான். அவரிடம் பல குழல்கள் இருக்கும். ஆகவே இன்றே அவரை அழைத்து எந்தக் குழலில் வாசிக்க எண்ணியிருக்கிறார் என்று கேளுங்கள். ஐந்து கட்டைக் குழல் இருந்தால் அதையே கொண்டுவரும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால் சனிக்கிழமை சேர்த்த வாத்தியம் அப்படியே ஞாயிறு நண்பகலுக்கும் ஆகும், மாலை வாத்தியத்தைக் கையால் தொடவே வேண்டியதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் இந்த வார இறுதியின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஐந்தரையிலிருந்து ஐந்துக்கு இறக்குவதைச் சனி மாலை மேடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இறக்கிய மூட்டு (பின்னலோடு சேர்ந்த தோல்) உடனே நிலைக்காது. வாசிக்க வாசிக்க அசையும். வெள்ளி இரவு வீடு திரும்பியதும் இடந்தலையில் அப்பிய ரவையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, வலந்தலையின் விளிம்புப் பின்னலில் கீழிருந்து மேலாக, வார் நுழையும் எல்லாக் கண்களிலும் சமமாகத் தட்டி இறக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள். சனி காலை கால் மணி நேரம் மெதுவாக வாசித்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கு நேரேயும் தட்டிக் கேட்கும்போது ஒரே ஓசை வர வேண்டும். ஓரிடம் மட்டும் கூடியிருந்தால் சபைக்குத் தெரியாமல் போகலாம், மணிக்கணக்கில் அதனுடன் உட்கார்ந்திருக்கும் உங்கள் காதை அது அரித்துக்கொண்டே இருக்கும்.

இனிக் கொழும்பின் காற்று. கோயில் வெளிமண்டபத்தில் கடற்கரை நகரத்தின் ஈரக் காற்று. தோல் ஈரம் வாங்கித் தளரும், சுருதி இறங்கும். குளிரூட்டிய மண்டபத்தில் காற்று உலர்ந்தது. தோல் இறுகும், சுருதி ஏறும். அரங்க விளக்கு நேராக வலந்தலையில் விழுந்தால் இன்னும் ஏறும். இடந்தலையில் இருக்கும் ரவையும் சீக்கிரம் காய்ந்துவிடும். தொப்பியின் (இடந்தலையின்) ஓசை மெலிந்து, கும்கி (உள்ளங்கையை அழுத்தி இழுத்து எழுப்பும் ஓசை) கொடுத்தால் கை வழுக்காமல் தடுக்கும். சிறு டப்பாவில் பிசைந்த ரவையும் ஒரு ஈரத் துணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அரங்கேற்றத்தில் இது எங்கே வந்து தாக்கும் என்று சொல்கிறேன். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், அதன் பின் வர்ணம். வர்ணம் மட்டும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் போகும். ஜதிகளும் (தாளச் சொற்கட்டுகள்) தீர்மானங்களும் (அவற்றின் முடிப்புகள்) நிறைந்த, உடம்பின் வெப்பமெல்லாம் விரலுக்கு வந்துவிடும் பகுதி. அது முடிந்ததும் நம் ஊர் வழக்கப்படி பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, குருவுக்கும் அணிசெய் கலைஞர்களுக்கும் கௌரவம். திரை மூடியிருக்கும். குளிர் காற்று மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். உங்கள் மிருதங்கம் கேட்பாரற்றுக் கிடக்கும். உரைகள் முடிந்து பதத்துக்குப் பாடகர் வாயெடுக்கும்போது வலந்தலை ஏறிப் போயிருக்கும். அந்த இடைவேளையில் மரியாதைக்காக எழுந்து நிற்கத்தான் வேண்டும், மாலையை ஏற்கத்தான் வேண்டும். போகும்போது வாத்தியத்தின் இரு தலையையும் துணி உறையால் மூடிவிட்டுப் போங்கள். கடைசிப் பேச்சாளர் தொடங்கியதும் திரும்பி வந்து உட்கார்ந்து, சுருதிப் பெட்டியைக் காதருகே வைத்து மெல்லச் சரிபாருங்கள். திரைக்குப் பின்னால் நீங்கள் ஓங்கித் தட்டும் சத்தம் ஒலிவாங்கியில் போய்விடக் கூடாது. உங்கள் ஒலிவாங்கியை நிறுத்தி வைக்கும்படி ஒலியமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அதே மேடையில் காதுக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. நடனத்தை நடத்தும் நட்டுவனாரின் கைத்தாளம் உங்கள் காதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் மூன்று மணி நேரம் அடித்துக்கொண்டிருக்கும். வெண்கல ஓசை கூரானது. போதாததற்கு, சலங்கை கேட்க வேண்டும் என்று மேடை ஒலிபெருக்கியைக் கூட்டிவிடுவார்கள். தொழில் நலத்துக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு இது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம்வரை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். திருமண வரவேற்புகளில் பெரிய ஒலிபெருக்கிக்கு அருகே இருந்தால் இந்த எல்லை எளிதில் கடந்துவிடும். கடந்ததும் காது உடனே கெட்டுவிடாது, ஆனால் சில மணி நேரம் மந்தமாகிவிடும். அந்த மந்தத்தோடு மாலைக் கச்சேரிக்குச் சுருதி சேர்க்க உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் மேலே சொன்னேன். அரங்கேற்றத்தில் நட்டுவனாருக்குச் சற்றுப் பின்னால், தாளம் உங்கள் காதுக்கு நேரே வராத கோணத்தில் இடம் கேளுங்கள். நடனமாடும் பிள்ளையின் பாதம் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஞாயிறு நண்பகலில் ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார மறுத்துவிடுங்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்த காதடைப்பான் கிடைத்தால் வாங்குங்கள். பஞ்சு வைத்தால் மேல் ஓசை மட்டும் மங்கி எல்லாம் திரிந்து கேட்கும், அது வேண்டாம்.

சனி காலை ஒலிப்பதிவை ஏற்க வேண்டாம் என்றதும் இதனால்தான். தலையணி ஒலிபெருக்கியை இரண்டு மூன்று மணி நேரம் காதில் மாட்டிக்கொண்டு, ஒரே எட்டு ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, அன்று மாலையே ஒரு பிள்ளையின் அரங்கேற்றத்துக்குப் போவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பத்து வருடம் ஆடிப் பழகி, ஒரே ஒரு மாலைக்காகக் காத்திருப்பவள் அவள். ஒலிப்பதிவைச் செவ்வாய்க்கிழமையும் செய்யலாம். இயக்குநரிடம் காரணத்தைச் சொல்லி வேறு நாள் கேளுங்கள், தராவிட்டால் நல்ல இன்னொருவரின் பெயரைச் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிக்குப் பதிலாளை அனுப்புவது வேறு விடயம். அதைக் குருவிடமும் பாடகரிடமும் நேரில் பேசாமல் ஒருபோதும் செய்யாதீர்கள், குறுஞ்செய்தியில் சொல்வதும் கூடாது.

இரண்டாவது களைப்பு மனதில். சனிக்கிழமை வர்ணத்தின் தீர்மானங்கள் மாதக்கணக்கான ஒத்திகையில் விரலில் ஊறியிருக்கும். ஞாயிறு மாலை ஆதி தாளத்தில் பாடகர் சுரம் முடிக்கும்போது அந்த ஜதி தானாக வந்து நிற்கும். நடனத்தில் எல்லாமே முன்கூட்டி எழுதப்பட்டது, கச்சேரியில் அந்த நொடியில் கேட்பதற்கு வாசிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு இரவுதான் இருக்கிறது. ஆகவே தனி ஆவர்த்தனத்துக்கு (மிருதங்கம் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி) புதிய கணக்குகளை இந்த வாரம் திணிக்காதீர்கள். ஒரே ஒரு சொற்கட்டை எடுத்துக்கொண்டு அதை வளைக்கப் பழகுங்கள்.

‘தகதிமி ததிங்கிணதொம்’ என்பதில் முன்பகுதி 4, பின்பகுதி 6, மொத்தம் 10 மாத்திரை. இதை மூன்று தடவை வாசித்தால் 30. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. இரண்டு இடைவெளியிலும் 1 மாத்திரை கார்வை (நிறுத்தம்) விட்டால் 32. சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்கிச் சமத்தில் சேரும். உருப்படியின் எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) சமத்திலிருந்து அரை இடம், அதாவது 2 மாத்திரை, தள்ளி என்றால் 34 வேண்டும். கார்வையை 2 ஆக்குங்கள். ஒன்றரை இடம் என்றால் 38; கார்வை 4. சொல் ஒன்றுதான், மூச்சு விடும் நேரம் மட்டுமே மாறுகிறது. பாடகர் 14 மாத்திரை ஆவர்த்தனமுள்ள மிஸ்ர சாபு தாளத்தில் எதையாவது விரித்தால், நடுவில் ‘தக’ சேர்த்துச் சொல்லை 12 ஆக்கி, கார்வையை 3 ஆக்குங்கள்: 36உம் 6உம் 42, மூன்று ஆவர்த்தனத்தில் சமத்துக்கு வந்துவிடும். களைத்த மனதுக்கு இவ்வளவு போதும். இதைச் சுத்தமாக, நாதத்தோடு வாசித்தால் சபை உங்களைக் கவனிக்கும். சிக்கலான கோர்வையைத் தடுமாறி முடிப்பதைவிட இதில் ரசம் அதிகம் என்பது என் துணிவான அபிப்பிராயம். கச்சேரிக்கு என்னென்ன உருப்படிகள், எந்தத் தாளத்தில் தனி என்பதைச் சனி இரவுக்கு முன் பாடகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்ல விரும்பாதவர்களும் உண்டு. தாளத்தை மட்டுமாவது கேளுங்கள்.

வரவேற்பு நிகழ்ச்சியை ‘யாரும் கேட்கப் போவதில்லை’ என்று நீங்கள் எழுதியிருந்ததில் எனக்கு உடன்பாடில்லை. விருந்தினர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், கரண்டிச் சத்தம் கேட்கும், உண்மைதான். ஆனால் குரல் உயர்த்தாமல் பேசக்கூடிய அளவுக்கு ஓர் இசை பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்குத்தான் உங்களை அழைத்திருக்கிறார்கள். அது கடினமான வேலை. மெல்ல வாசிக்கும்போதுதான் சாப்பு என்னும் வலந்தலைத் தட்டின் ஓசை சுத்தமாக இருக்கிறதா என்பது தெரியும். விரல் நுனியால், பாதி பலத்தில், முழு நாதத்தோடு இரண்டு மணி நேரம் வாசிப்பது அன்று மாலைக்கு மிகச் சிறந்த பயிற்சி. பலத்தைக் காட்டிக் கையைக் களைக்க வைக்க அங்கே தேவையே இல்லை.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே இந்த ஊர்க்காரர். கொட்டாஞ்சேனைக்கு வெள்ளி மாலை கோட்டை, புறக்கோட்டை நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும். அலுவலகம் விடுவதற்கு முன்பே கிளம்புங்கள். ஞாயிறு நண்பகல் முடிந்ததும் காலி வீதியை நம்பாமல் மரைன் டிரைவில் வெள்ளவத்தைக்கு வந்துவிடலாம். ஆடிவேல் தேர்த் திருவிழா நாட்களாக இருந்தால் செட்டியார் தெருவுக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே வீதிகள் எப்போது மூடப்படும் என்று முன்பே விசாரியுங்கள். முச்சக்கர வண்டியில் போனால் மிருதங்கம் மடியில் இருக்கட்டும், பின்னால் வேண்டாம். மழைக்குப் பொலித்தீன் உறை கட்டாயம். கார் என்றால் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டு விருந்துக்குப் போகாதீர்கள். அரை மணி நேர வெப்பத்தில் கரணை வெடித்துவிட்டால் ஞாயிறு மாலைக்கு வாத்தியம் இல்லை. மூட்டு மாற்றிக் கட்டுபவர் இங்கே தெருவுக்குத் தெரு இருப்பதில்லை.

தக்கு சுருதி வாத்தியத்தை ஞாயிறு காலையே வெள்ளவத்தை மண்டபத்திலோ அருகில் நம்பிக்கையானவர் வீட்டிலோ வைத்துவிடுங்கள். கச்சேரி தொடங்க ஒரு மணி நேரம் முன்பாவது அது அந்த மண்டபத்துக் காற்றில் உறையின்றி இருக்க வேண்டும். வரவேற்பு முடிந்து அங்கே போனதும் உடனே சுருதி சேர்க்க உட்காராதீர்கள். முதலில் அரை மணி நேரம் எந்த ஓசையும் இல்லாமல் இருங்கள்: தொலைபேசி வேண்டாம், வண்டியில் பாட்டு வேண்டாம், ஊர்க்கதையும் வேண்டாம். மண்டபம் கடல் பக்கத்து ஒழுங்கையில் இருந்தால் கொஞ்சம் நடந்து வாருங்கள். பிறகு தம்பூராவைக் கேளுங்கள். ஒரு நிமிடம் வாத்தியத்தைத் தொடாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். அதற்குப் பிறகு கல்லை எடுங்கள். என்னோடு வாசித்த மூத்த கலைஞர் ஒருவர் எந்த அவசரத்திலும் இந்த ஒரு நிமிடத்தைக் குறைத்ததில்லை. ஏற்பாட்டாளர்கள் கடிகாரத்தைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டே இருப்பார். பிறகு சில தட்டுகளில் வாத்தியம் சேர்ந்துவிடும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: கல்யாண விருந்தை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுச் சம்மணமிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது. கொஞ்சம் சோறு, மோர், மாலையில் ஒரு வெறுந்தேநீர். விரல் நுனியில் வெடிப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் ஆற விடுங்கள். வலி வேறு, மரத்துப்போதல் வேறு. விரல்கள் மரத்துப்போவதும் இரவில் கூசுவதும் தொடர்ந்தால் தைலம் தடவிக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூசியிருக்கிறீர்கள். கூச வேண்டாம். அரங்கேற்றத்துக்கு எத்தனை ஒத்திகை, ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்துச் செலவு யாருடையது, சன்மானம் எப்போது என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே குருவின் வழியாகப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பேசாமல் விட்டிருந்தால் இந்த வாரத்துக்குள் ஒரு முறை கதைத்துவிடுங்கள். மேடைக்குப் பின்னால், மாலையோடு நிற்கும் குடும்பத்தாரிடம் அதைப் பேசும் நிலை உங்களுக்கும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம். கோயிலில் தருவதை அளவு பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டல் நிகழ்ச்சிக்கு முற்பணம் கேட்பதில் தவறே இல்லை, கேளுங்கள். திங்கட்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். அன்று வாத்தியங்கள் இரண்டையும் உறை கழற்றி நிழலில் வைத்து, கரணையில் மயிரிழை வெடிப்பு ஏதாவது விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விழுந்திருந்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு நாள் கொடுப்பதற்கு முன் மூட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.